ஊறப்போட்ட பந்து

சித்திரை வெயில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் தெருமுனையில் என் அத்தாவின் தலை முளைத்துவிடும். மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அதில் அத்தாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணை இறுக்கி மூடி, கழுத்து நரம்பு புடைக்க, நெற்றியால் பந்தை முட்டிக்கொண்டிருப்பார். சுற்றிலும் 'தங்கத் தலை', 'கால்பந்துச் சக்கரவர்த்தி' என்று பட்டங்கள். கீழே வாழ்த்துகிறவர்கள் என்று முப்பது நாற்பது மூஞ்சிகள். அதில் பாதிப்பேர் அத்தா ஆடிய காலத்தில் பிறக்கவே இல்லை. மீதிப்பேர் எங்கள் வீட்டுப் படியேறி எத்தனையோ வருஷமாகிறது.

நான் தினமும் அந்த வழியாகத்தான் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை வயிறு எரியும். ஃபிளெக்ஸில் முட்டிக்கொண்டிருக்கிற அதே மனிதர் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, தோல்ஷாப்புக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டிருப்பார். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வேலை பார்த்த தோல்ஷாப்பை இடித்து, அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டி, அந்த மண்டபமே இப்போது பழசாகிவிட்டது.

அத்தா யாரென்று தெரியாதவர்கள் திண்டுக்கல்லில் அறுபது வயதைத் தாண்டிய எந்த ஆம்பிளையிடமும் கேட்கலாம். டீக்கடையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்வார். நத்தத்தில் நான்கு பேர் சுற்றி மறித்து நின்றும் அவர்கள் தோளுக்கு மேலே எகிறி முட்டியது, ரெட்டியார்சத்திரத்துக்காரர்கள் அவரை மறிப்பதற்கென்றே உயரமான ஆள் ஒருவனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தது, அந்த ஆளையும் தாண்டி இரண்டு கோல் போட்டது. காலால் போட்ட கோல் ஒன்றுகூட யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லாம் தலை. ஊர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தது. 'மண்டை' என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. சின்ன வயதில் நான் இன்னார் மகள் என்று அந்தப் பெயரைச் சொன்னால் கடையில் முறுக்கு ஒன்று கூடக் கிடைக்கும். நானும் சொல்லி வாங்கித் தின்றவள்தான்.

அவர் தலை அப்படி ஆனதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோலைத் தலையில் சுமந்து சுமந்து அவருக்குக் கழுத்து உரல் மாதிரி ஆகிவிட்டது என்பார்கள். அது ஓரளவு உண்மைதான். முழு உண்மை என் மாமுவிடம் இருந்தது. மாமு அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அத்தாவுக்கு மச்சினன் ஆவதற்கு முன்பே அவர் கூட்டாளி, ஒரே தோல்ஷாப்பில் வேலை, ஒரே அணி. மாமு வலது ஓரமாக ஓடிப்போய்ப் பந்தைத் தூக்கிக் கோலுக்கு முன்னால் போடுவார், அத்தா எகிறி முட்டுவார். ஊரில் ஒருவரைப் பற்றிப் பேசினால் இன்னொருவரும் கூடவே வந்துவிடுவார்.

பந்தை ஊறப்போடுகிற யோசனை மாமுவுடையது. அந்தக் காலத்துப் பந்து நிஜத்தோல். தோலைப் பற்றி இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தண்ணீர் குடித்தால் அது என்ன கனம் கனக்கும் என்று கைக்கே தெரியும். காலையில் வேலைக்கு வரும்போது மாமு பழைய பந்து ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிடுவார். சாயங்காலம் எடுத்தால் அது பந்தாக இருக்காது, அம்மிக்குழவியாக இருக்கும். உதைத்தால் கால்விரல் பெயர்ந்துவிடும் என்பதால் கையால்தான் தூக்கிப் போடுவார். அத்தா முட்ட வேண்டும். நாளைக்கு ஐம்பது. ஊறின பந்தை முட்டிப் பழகியவனுக்கு மேட்ச் பந்து பஞ்சு மாதிரி இருக்கும் என்பது இவர்கள் கண்டுபிடிப்பு. அது பலித்தும் தொலைத்தது. பலிக்காமல் போயிருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருப்பார்கள்.

ஒருவர், ஒரே ஒருவர், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அத்தாவை மெட்ராஸில் ஒரு பெரிய அணிக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே இருந்த பயிற்சியாளர் இவர் ஆட்டத்தை நாலு நாள் பார்த்துவிட்டு, எதற்கெடுத்தாலும் தலையைக் கொடுக்காதே, காலை நம்பு என்றாராம். அத்தாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு வரவேற்றார்களாம். அந்தப் பயிற்சியாளரை எங்கள் ஊரில் எத்தனையோ வருஷம் கேலி பேசினார்கள். மெட்ராஸ்காரனுக்குத் தயிர்ச்சோறுதான் தெரியும், பந்து தெரியுமா என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்த மனிதர் உயிரோடு இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்பேன்.

வத்தலக்குண்டு இறுதியாட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் அத்தா கதையை யாரும் முடிக்கமாட்டார்கள். கொட்டுகிற மழையில் ஆட்டம். மைதானம் வயல் மாதிரி ஆகிவிட்டது. மேட்ச் பந்தே தண்ணீர் குடித்துக் கனத்துவிட, எதிரணிக்காரர்கள் தலையை இழுத்துக்கொண்டார்கள். அத்தாவுக்கு அது தினப்படி சாப்பாடு. மூன்று முட்டு, மூன்று கோல். தோளில் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் ஆடிப்பாடி வந்தார்கள்.

அம்மாவிடம் கேட்டால் அதே ஆட்டத்துக்கு வேறு கதை.

"கப்பைத் தூக்கிட்டு வந்தாங்க, இவரத் தாங்கிட்டு வந்தாங்க. செம்பட்டி தாண்டையில பஸ்ஸ நிறுத்தச் சொல்லி வாந்தி. வீட்டுக்குள்ள வந்த மனுசன் வாசக்கதவு எந்தப் பக்கம்னு தெரியாம செவத்துல போயி முட்டிக்கிட்டு நிக்கிறாரு."

பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தது அம்மா. கண் பட்ட கண்ணூறு என்று பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதச் செய்தது மாமு. இரண்டு நாள் கழித்துத் தோல்ஷாப்புத் தொட்டியிலிருந்து மறுபடி பந்தை எடுத்தார்கள். மழைக்கால ஆட்டம் முடிந்தால் அத்தா இரண்டு நாள் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டார், ஜன்னலில் போர்வையைக் கட்டிவிடுவோம் என்று எனக்கே ஞாபகம் இருக்கிறது. வெற்றி பெற்ற வீட்டில் பேசாமல் இருக்க வேண்டும் என்றுதான் நான் அதைப் புரிந்துவைத்திருந்தேன்.

அத்தா ஆடுவதை நிறுத்திய பிறகு அவர் கூட்டாளிகள் சேர்ந்து, அவர் இருக்கும்போதே அவர் பெயரில் ஒரு போட்டி தொடங்கினார்கள். மாமுதான் செயலாளர். மற்ற ஊர்களில் சிறப்பு விருந்தினர் வந்து பந்தை உதைத்துத் தொடங்கி வைப்பார். எங்கள் ஊரில் முட்டித் திறக்க வேண்டும். மாமு வலது மூலையிலிருந்து பந்தைத் தூக்கிப் போடுவார், அத்தா ஆளில்லாத கோலுக்குள் முட்டுவார், வேட்டுச் சத்தம் கேட்கும், போட்டி ஆரம்பமாகும். பந்து உள்ளே போகாவிட்டால் மறுபடி. அதுவும் போகாவிட்டால் மறுபடி. உள்ளே போகாமல் ஆரம்பித்தால் ராசி இல்லை என்று எவனோ கிளப்பிவிட்டான், அது சட்டமாகிவிட்டது.

மறதி மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. முதலில் சாவி, அப்புறம் கடைவீதியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழி. ஒரு நாள் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். தட்டில் கறி இருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போனோம். நரம்பு டாக்டர் பொறுமையானவர், ஒவ்வொன்றாகக் கேட்டார். சர்க்கரை இருக்கிறதா, குடிப்பாரா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. பிறகு கேட்டார்.

"எப்பவாவது தலையில அடிபட்டிருக்கா?"

அம்மா, மாமு, நான், மூன்று பேரும் அங்கேதான் இருந்தோம். மூன்று பேரும் ஒரே வாயாக இல்லை என்றோம். நான் கூடுதலாக ஒரு வார்த்தை சேர்த்தேன். "ஒரு தடவைகூட இல்ல டாக்டர்."

பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாத விஷயம். அடி என்றால் எங்களுக்கு மாடியிலிருந்து விழுவது, லாரி இடிப்பது. முட்டுவதை யார் அடி என்று நினைத்தோம்? அது அவர் பெருமை, எங்கள் பெருமை, ஊர்ப் பெருமை. பெருமையை வியாதிக்காரச் சீட்டில் எழுதச் சொல்ல யாருக்காவது தோன்றுமா? நான் வேறு யாருமில்லை, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர். மண்டையோட்டுக்குள் மூளை நீரில் மிதக்கிறது, அதனால்தான் தலையை ஆட்டி விளையாடக் கூடாது என்று போர்டில் படம் போட்டுப் பிள்ளைகளை மிரட்டுகிறவள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பதற்கு என்னைத்தான் உதாரணம் காட்ட வேண்டும்.

போன வருஷத் தொடக்க விழாவில்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்குப் பெண்கள் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாமுவுக்கும் வயதாகிவிட்டது, பந்து முன்போலச் சொன்ன இடத்துக்கு வரவில்லை. முதல் பந்து அத்தாவின் காதில் பட்டது. இரண்டாவது உச்சந்தலையில். கூட்டம் 'இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று கத்தியது. மூன்றாவது நெற்றியில் பட்டும் வெளியே போனது. அருகில் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் சத்தம் கேட்டது. மைக்கில் ஒருவன் சிரித்துக்கொண்டே எண்ணினான். ஐந்தாவதுதான் உள்ளே போனது. அத்தா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஆளே இல்லாத பக்கமாகத் திரும்பி, அங்கேயிருந்த கருவேலம் புதரைப் பார்த்துக் காட்டினார். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

எப்போதாவது தலையில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்ட டாக்டருக்கு என்ன பதில் சொன்னேன் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். 

அந்த வாரமே தனியாக மதுரைக்குப் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருஷம் முட்டினார் என்று கேட்டார். பந்து எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார். ஊறினதா ஊறாததா என்று நான் கேட்டேன். அப்படியென்றால் என்னவென்று விளங்காமல் பார்த்தார். தொட்டி, கல், ஐம்பது முட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. வயசும் இருக்கு. ஆனா இதையும் ஒதுக்கிற முடியாது. இனிமே ஒரு பந்துகூட அவர் தலையில படக் கூடாது. போனது வராது, இருக்கிறதையாவது வச்சுக்குவோம்."

இருக்கிறதை வைத்துக்கொள்வது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கோப்பை வேண்டாம், பட்டம் வேண்டாம். காலையில் என்னைப் பார்த்து 'அம்மாடி, சாப்டியா' என்று கேட்கிறாரே, அந்த அளவு தலை அவருக்கு மிச்சம் இருந்தால் போதும்.

இதைப் போட்டி நடத்துகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் என்னை ஏதோ குடும்பச் சண்டையைத் தெருவுக்கு இழுக்கிறவளைப் போலப் பார்த்தார்கள். அத்தா பெயரில் கோடை விடுமுறையில் பயிற்சி முகாம் வேறு நடக்கிறது. ஒரு நாள் காலையில் மைதானம் பக்கம் போனேன். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஐம்பது. இப்போதைய பந்து தண்ணீர் குடிக்காது, அதனால் காற்றைக் கல்லு மாதிரி அடைத்து வைத்திருந்தார்கள். முகாம் நடத்துகிற ஆள் விசிலும் கையுமாக நின்றார். சின்னப் பிள்ளைகள் தலையில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"என்னக்கா நீங்களே இப்படிக் கேக்குறீங்க? உங்க அத்தா இப்படித்தான பழகுனாரு? அவரு ஞாபகமாத்தான் இதை வச்சிருக்கோம்."

அவர் ஞாபகமாக. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அந்த ஆளுக்கு நாக்குக் கூசவில்லை. ஊர் அத்தாவிடமிருந்து எடுத்துவைத்துக்கொண்ட சொத்து இதுதான். அவர் ஓடுவது அழகாக இருக்குமாம், எதிரணி ஆள் விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடுவாராம், நடுவரிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லையாம். அதையெல்லாம் யாரும் வரிசையில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. எது அவரைத் தின்றதோ அதைத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வருஷம் விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமு நோட்டீசோடு வந்தார். அத்தாவிடம் ஒன்றைக் கொடுத்தார். அத்தா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, மச்சானுக்கு வெள்ளச் சட்டைய எடுத்து வச்சிரு. ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வண்டி வரும்."

"வந்து உக்காரட்டும் மாமு. ஆனா முட்ட மாட்டாரு."

"அதெப்படி? அவரு முட்டாம எப்படித் தொறக்கிறது?"

"டாக்டர் சொன்னதை உங்ககிட்ட எத்தனை தடவ சொல்லிட்டேன்?"

"டாக்டருக்கு என்ன தெரியும், அவரு பந்து பாத்திருப்பாரா?" என்றார். மெட்ராஸ்காரருக்குச் சொன்ன அதே பதில். பிறகு குரலை இறக்கினார். "ஏத்தா, நல்லா யோசிச்சுப் பாரு. வருசத்துல அந்த ஒரு நாளுதான் அவரு மனுசனா நிமிந்து நிக்கிறாரு. அதையும் புடுங்கிறப் போறியா?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தது. "அவன் சொல்றதுலயும் நாயம் இருக்குல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்ததை அள்ளிக் கொட்டிவிட்டேன்.

"பந்த ஊறப்போட்டது யாரு மாமு? கல்லத் தூக்கி மேல வச்சது யாரு? உங்களுக்கு ஒரு பேரு வேணும்னு அவரு தலைய ஒடச்சீங்க. இப்பவும் நீங்க மைதானத்துல நிக்கணும்னா அவரு தலை வேணும். இல்லைன்னா உங்கள எவன் கூப்புடுவான்?"

 மாமு பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பேசியது அதிகம்தான். அதற்காக வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டு நாள் கழித்து அம்மா மூலமாக மாமுவிடமிருந்து சேதி வந்தது. அத்தா வந்து மேடையில் உட்கார்ந்தால் போதும், சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம், முட்டுகிற பேச்சே இல்லை. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வெயில் இறங்கவே இல்லை. வழக்கம்போலப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்தேன். அத்தா மேடையில் இருந்தார். சால்வைகள் விழுந்தன. ஒவ்வொரு சால்வைக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, தங்கத் தலையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு அந்தத் தலை முட்டுறதைப் பாக்காமப் போனா எப்படி? ஒண்ணே ஒண்ணு!"

கூட்டம் பிடித்துக்கொண்டது. முட்டு, முட்டு, முட்டு. எழுந்து நின்று மேடையைப் பார்த்து வேண்டாம் என்று கையாட்டினேன். என்னை யார் பார்த்தார்கள்?

அத்தா எழுந்தார். யாரும் கையைப் பிடிக்கவில்லை, யாரும் வழி காட்டவில்லை. பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டிய மனிதர் மேடையை விட்டு இறங்கி, நேராக, நிமிர்ந்து, கோலுக்கு முன்னால் எங்கே நிற்க வேண்டுமோ மிகச் சரியாக அங்கே போய் நின்றார். தோளிலிருந்த சால்வையை எடுத்து வீசினார். வலது மூலையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"மாப்ள! போடு!"

மாமு அதற்குள் அந்த மூலையில் நின்றிருந்தார். காலடியில் பந்து இருந்தது. எப்போது போனார், யார் அனுப்பியது என்று தெரியாது. பேச்சை மீறிவிட்டார் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அத்தா எழுந்ததைப் பார்த்ததும் கால் தானாக அங்கே போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதனாலெல்லாம் கோபம் குறையவில்லை.

ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, முக்காடு நழுவி, அத்தனை ஆம்பிளைகளும் பார்க்க மைதானத்துக்குள் ஓடினேன். விசில் பறந்தது. யாரோ சிரித்தார்கள். அத்தாவுக்கு முன்னால் போய்ப் பந்து வருகிற பக்கம் பார்த்து நின்றுகொண்டேன்.

"போடுங்க மாமு! என் தலையில போடுங்க!"

அத்தா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அந்தப் பிடியில் அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் நகரவில்லை. "தள்ளு! ஏய், தள்ளு!" என்று கத்தினார். வீட்டில் ஒரு நாளும் கேட்காத குரல். மாமு என்னைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். காலைப் பின்னால் எடுத்தார். எடுத்த காலை அப்படியே இறக்கினார். பிறகு குனிந்து பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார். வரும்போதே அழுதுகொண்டு வந்தார்.

"ஏன்டா போடல?" என்றார் அத்தா.

"பந்துல காத்து எறங்கிருச்சு மச்சான்."

அத்தா பந்தைப் பார்த்தார். அது கல்லு மாதிரி இருந்தது. அவருக்கா தெரியாது? ஆனால் மாமு சொன்னால் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, என்னை மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார்.

சிறப்பு விருந்தினர் இறங்கி வந்து பந்தை ஒரு உதை உதைத்தார். அது எங்கேயோ போனது. வேட்டுப் போட்டார்கள். போட்டி ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு இருந்த எல்லா ஆட்டமும் நடந்தது, ஒருவன் காலும் ஒடியவில்லை, ஒரு ராசியும் கெடவில்லை. இத்தனை வருஷமாக இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆட்டோவில் நடுவில் அத்தா, இரண்டு பக்கமும் நானும் மாமுவும்.  பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி மெதுவாக இருந்தது, எப்போதும் போல.

"அம்மாடி, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?"

"என்னத்தா?"

"எவளோ ஒருத்தி கிரவுண்டுக்குள்ள வந்து ஆட்டத்தக் கெடுத்துப்புட்டா. மாப்ள போடப் போறான், நான் நிக்கிறேன். நடுவுல வந்து நிக்கிறா. நீ அங்கன இருந்திருந்தா அவளப் புடிச்சு வெளிய தள்ளியிருப்ப."

மாமு முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆமாத்தா. தள்ளியிருப்பேன்" என்றேன்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. காலையில் இட்லி சாப்பிட்டது அத்தாவுக்குப் பத்து மணிக்கு நினைவில்லை. மாமு தினமும் வருகிறார், வந்து போனது சாயங்காலம் நினைவில்லை. போன மாதம் என் அம்மாவின் அக்கா மௌத்தானார், இறந்த செய்தியை மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் அத்தா புதிதாக அழுதார். ஆனால் அந்தப் பொம்பளையை மறக்கவில்லை. இந்த வருஷம் நடந்ததில் அவர் தலைக்குள் தங்கிய ஒரே ஆள் அவள்தான். டாக்டரிடம் சொன்னபோது, சில நேரம் பெரிய கோபம் மட்டும் தங்கிவிடும் என்றார்.

தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்து அவளைப் பற்றிப் புகார் சொல்கிறார். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். நேற்றும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நிஜமாகவே பயந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அடுத்த வருசமும் அவ வந்தா என்ன பண்றது?"

"வருவாத்தா" என்றேன். "கண்டிப்பா வருவா."